பழகிய வண்டியை விற்றல்

நம்மிடம் உள்ள பொருள்களுள் சிலவற்றை வெறும் பொருள் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. உழவனுக்கு அவன் மாடு எப்படியோ, மலைநாட்டில் நாள்தோறும் வீதியில் செல்பவனுக்கு அவனுடைய மோட்டார் சைக்கிளும் அப்படியே. பல்லாண்டுகள் பழகிய அத்தகைய வண்டியை விற்றுவிட்டு, நெடுந்தூரப் பயணத்துக்குச் சௌகரியமான வேறொன்றை வாங்குவது தகுமா? வாங்குவதாயின் எவற்றை நோக்கி வாங்குவது? இவ்விரண்டு வினாக்களையுமே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் வசிப்பது நமுனுகுல மலையின் அடிவாரத்தில். அம்மலையின் உயரம் 2,036 மீற்றர். பதுளை நகரமோ ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளையிலிருந்து பசறை வழியாக எம் பக்கம் வருகின்றவர் தேயிலைத் தோட்டங்களின் ஊடே வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பள்ளம். மாலையில் மூடுபனி இறங்கினால் பத்து அடிக்கு அப்பால் வருவது பஸ் வண்டியா, கொழுந்து ஏற்றிய லொறியா என்று தெரியாது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பசறை - லுணுகலை வீதியில், 13ஆம் கட்டைப் பகுதியில், பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை இப்பகுதி மக்கள் இன்றும் மறக்கவில்லை. இவ்வீதிகளில் செல்பவனுடைய கவனம் ஒரு கணமும் சிதறலாகாது.

கவனத்தைச் சிதறச் செய்வது எது? பெரும்பாலும் களைப்பே. இடுப்பு வலிக்கத் தொடங்கியவன் வீதியை மறந்து இடுப்பை நினைக்கிறான். விரல்கள் மரத்துப் போனவன் பிரேக்கைப் பிடிக்க ஒரு கணம் தாமதிக்கிறான். இளமையில் உடம்பு இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ஐம்பதைக் கடந்த உடம்பு பொறுப்பதில்லை. ஆதலால் வண்டியில் சௌகரியம் என்பது ஆடம்பரமன்று. அது பாதுகாப்பின் ஒரு பகுதி. பின்னிருக்கையில் மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிச் செல்பவனுக்கு இவ்வுண்மை இருமடங்கு பொருந்தும்.

இனி, சௌகரியம் எவற்றால் அமைகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, அமரும் நிலை. கைபிடி, இருக்கை, கால்மிதி ஆகிய மூன்று இடங்களிலேதான் நம் உடம்பு வண்டியைத் தொடுகிறது. இம்மூன்றும் சேர்ந்த முக்கோணம் நம் உடம்பின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். கைபிடி மிகத் தாழ்ந்திருந்தால் பாரம் மணிக்கட்டில் விழும். கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்து அமரும் வண்டிகள் பார்வைக்குச் சுகமானவை. சமவெளியில் உண்மையாகவே சுகமானவை. ஆனால் தோட்டத்துக் குழிவீதியில், உடம்பைச் சற்றே தூக்கிக் கால்களால் அதிர்ச்சியைத் தாங்க அவற்றில் வழியில்லை. குழியின் அடி நேரே முதுகெலும்பில் ஏறும். நிமிர்ந்து அமரவும், வேண்டும்போது எழுந்து நிற்கவும் இடந்தரும் வண்டியே மலைநாட்டுக்கு ஏற்றது.

இரண்டாவது, இயந்திரத்தின் அதிர்வு. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தில் பிஸ்டன் ஒன்றே மேலும் கீழும் விரைகிறது. அதன் அசைவுக்கு முழு ஈடு இல்லாமையால் வண்டி முழுவதும் அதிர்கிறது. இதற்கு மாற்றாகப் பொறியியலாளர் கண்டது சமநிலைத் தண்டு. இயந்திரத்தினுள் எதிர்த்திசையில் சுழலும் பாரமொன்று அந்த அதிர்வின் பெரும்பகுதியைத் தணித்துவிடுகிறது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் வண்டியை அறியாத தமிழர் சிலரே. அதன் ஓசைக்கும் அதிர்வுக்குமே அன்பர்கள் பலர் இருந்தனர். ஆயினும் 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய 350 சீசீ இயந்திரத்தில் சமநிலைத் தண்டு இடம்பெற்றது. 2023இல் அதே இயந்திரம் புல்லட்டுக்கும் வந்து சேர்ந்தது. பெயரும் உருவமும் நிலைத்தன. உள்ளிருந்த நெஞ்சு மாறியது. பழமையைப் போற்றுவோரும் கைகள் மரத்துப்போவதை விரும்புவதில்லை போலும்!

மூன்றாவது, நீளமும் பாரமும். இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட வண்டி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். பாரம் கூடினால் நேர்வீதியில் நிதானம் மிகும். இவ்விரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுசென்றது ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1974இல் அறிமுகப்படுத்திய கோல்ட் விங். 1980இல் காற்றுத் தடுப்பும் பயணப் பெட்டிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு அது வெளிவந்தது. இன்றைய கோல்ட் விங் 350 கிலோகிராமுக்கும் மேற்பட்ட பாரமுடையது. அமெரிக்கப் பெருவீதிகளில் அஃது ஓடும் சாய்வு நாற்காலி எனலாம். எம் வீதியின் கொண்டை ஊசி வளைவிலோ, மழையில் நனைந்த சரிவில் அதனை நிறுத்தித் திருப்புவது ஒருவரால் ஆகும் காரியமன்று. இரு கால்களும் நிலத்தில் ஊன்றத்தக்க உயரமும், சாய்ந்தால் நாமே தாங்கத்தக்க பாரமும் உள்ள வண்டியைத் தேர்வதே அறிவுடைமை.

நான்காவது, இறக்கம். ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பது மலையில் வாழ்வோர் அறிந்தது. பழைய வண்டிகளின் டிரம் பிரேக்கை இறக்கத்தில் விடாது பிடித்தால், டிரம் சூடேறி விரியும், பிடி தளரும். காற்றுப் படும்படி வெளியே அமைந்த டிஸ்க் பிரேக் விரைவில் குளிரும். எந்தப் பிரேக்காயினும், தாழ்ந்த கியரில் இயந்திரத்தையே தடையாகக் கொண்டு இறங்குவது நலம்.

இவ்வளவும் புதிய வண்டிக்குச் சாதகமானவை. பழைய வண்டியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். என்னிடம் இருந்தது 125 சீசீ ஜப்பானிய வண்டி. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டு முறை தொடங்கியபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு நான்கு லீற்றர். அந்த நான்கு லீற்றரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதும் என்னைப் பாடசாலைக்குக் கொண்டுசேர்த்தது அவ்வண்டி. பெரிய வண்டிக்கு அந்தச் சிக்கனம் இல்லை. உதிரிப்பாகமும் டயரும் விலை கூடியவை. 2020 முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், உள்ளதைப் பேணுவதே உத்தமமாகவும் இருந்தது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்த பிறகே பலருக்கும் தெரிவு என்ற ஒன்று வந்தது. மாதச் சம்பளக்காரர் இக்கணக்கை எழுதிப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு முடிந்தாலும் மனம் முடிவதில்லை. இவ்விடத்தில் ஒருவரை நினைக்கிறேன். முதல் உலகப்போரில் அரபு நாட்டில் புகழ்பெற்ற ஆங்கிலேயர் டி. ஈ. லோரன்ஸ், மோட்டார் சைக்கிள் மீது அளவிறந்த பற்றுக் கொண்டவர். ஜோர்ஜ் ப்ரஃப் என்பவர் நொட்டிங்ஹாமில் செய்த வண்டிகளையே அவர் விரும்பினார். செய்தவரின் பெயரையே வண்டிக்கும் இட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வண்டிகளை ஓட்டினார். 1935 மே மாதத்தில் விபத்துக்குள்ளாகி அவர் இறந்தபோது எட்டாவது வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. வண்டிகள் மாறின, பெயர் தொடர்ந்தது. அவருடைய பற்று இரும்பின் மீதன்று, பயணத்தின் மீது என்றே நான் பொருள்கொள்கிறேன். அந்தப் பற்று நம்மிடம் உள்ளவரை, வண்டியை மாற்றுவது நன்றி மறத்தல் ஆகாது.

ஆயின் நன்றியை எங்கே காட்டுவது? விற்கும் முறையில் காட்டலாம். என் வண்டியைப் பார்க்க வந்தவர் பதுளையில் கடையொன்றில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர். கடை மூடும் நேரத்தில் கடைசி பஸ் போய்விடுகிறதாம். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சேர், நல்லதெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. குறை என்னான்னு மட்டும் சொல்லுங்க” என்றார். பின் சக்கரத்து அதிர்வுத் தாங்கிகள் தளர்ந்திருப்பதையும், சங்கிலி மாற்றவேண்டிய நிலையில் இருப்பதையும் சொன்னேன். அவற்றுக்கான செலவை விலையில் கழித்தேன். மழையிரவில் இறக்கத்தில் இறங்கப்போகிறவர் அவர். மறைத்து விற்ற குறை, விற்றவனுடைய சட்டைப்பையில் பணமாகவும் வாங்கியவனுடைய வழியில் ஆபத்தாகவும் நிற்கும்.

பத்திரத்திலும் இதே நேர்மை வேண்டும். உரிமையை மாற்றாமல், கையொப்பமிட்ட தாள்களை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அவ்வண்டி நாளை யாரையேனும் மோதினால், தேடி வருவது பதிவேட்டில் உள்ள பெயரையே. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாறும் வரை விற்பனை முடியவில்லை என்றே கருதுங்கள். வாங்குபவருக்கும் தம் பெயரில் ஒரு வண்டி இருப்பது சிறிய விஷயமன்று. ஒரு காலத்தில் தோட்டத்து வீதியில் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டால், சின்னத்துரை வருகிறார் என்று மலையில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இன்று அந்த ஓசை லயத்து வாசலிலிருந்தே புறப்படுகிறது. தோட்டத்தில் பிறந்த என்போன்றோருக்கு இதில் ஒரு நிறைவு உண்டு.

ஆகவே நேயர்களே, பழகிய வண்டியைக் கொட்டிலில் துருப்பிடிக்க விட்டுவைப்பது அன்பாகாது. அதனால் பயன்பெறும் ஒருவருக்கு உண்மை சொல்லி ஒப்படையுங்கள். உங்கள் வயதுக்கும் வீதிக்கும் பொருந்திய வண்டியை அளந்து தேர்ந்து வாங்குங்கள். வீட்டில் நம்மை எதிர்பார்த்திருப்பவர்கள் எந்த வண்டியில் வந்தோம் என்று கேட்பதில்லை. பத்திரமாக வந்து சேர்ந்தோமா என்பதே அவர்களுக்கு வேண்டியது.