ஐந்தாம் தலைமுறையும் அதன் முன்னோரும்

2017 ஜனவரியில் ஜெர்மனியில் வங்கி வாடிக்கையாளர்கள் சிலர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த இரவு வேளையில், அவர்களுடைய கணக்கிலிருந்த பணம் அந்நியர் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடவுச்சொல்லோடு, கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ரகசிய எண்ணும் இருந்தால்தான் பணம் நகரும் என்று வங்கிகள் வைத்திருந்த காவலை, திருடர்கள் ஒருவருடைய கைபேசியையும் தொடாமலே கடந்துவிட்டார்கள். கடவுச்சொற்களை முன்னதாகவே களவாடி வைத்திருந்த அவர்கள், அயல்நாட்டுக் கைபேசி நெட்வொர்க் ஒன்றின் வழியாக, இன்ன வாடிக்கையாளர் இப்போது எங்கள் எல்லைக்குள் வந்திருக்கிறார், அவருக்குரிய செய்திகளை இங்கே அனுப்புக என்று அறிவிக்க, அவர்களுடைய கைபேசி நிறுவனமான ஓ2 டெலிஃபோனிகாவின் நெட்வொர்க் அதை நம்பி, ரகசிய எண்களை அவர்கள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தது.

இவ்வளவு எளிதில் ஏமாந்ததற்குக் காரணம், உலகத்துத் தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென 1970-களில் உருவான எஸ்.எஸ்.7 என்னும் சமிக்ஞை முறை. அக்காலத்தில் தொலைபேசி நிறுவனங்கள் சொற்பம். பெரும்பாலானவை அரசாங்கங்களின் சொத்து. நாலே வீடுள்ள தெருவில் கதவைத் தாழிடுவோர் யார்? செய்தி அனுப்புபவரை நீ யார் என்று விசாரிக்கும் வழக்கமே அம்முறையில் இல்லை. இதன் விபரீதங்களை டோபியாஸ் எங்கல், கார்ஸ்டன் நோல் என்னும் நிபுணர்கள் 2014 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் பகிரங்கமாக நிரூபித்துக் காட்டியிருந்தார்கள். திருட்டு நடந்ததோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம் தலைமுறைக் கைபேசி முறையான 5ஜி-யின் விதிகளை 2018-இல் வகுத்தவர்கள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முந்திய தலைமுறைகளில், டவர் கேட்டால் சிம் கார்டின் நிரந்தர அடையாள எண்ணைக் கைபேசி வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஆகையால் போலி டவர் ஒன்றை நிறுவியவர் அக்கம்பக்கத்தில் நடமாடுவோரையெல்லாம் கணக்கெடுத்துவிடலாம். 5ஜி-யிலோ, அந்த எண்ணை, சொந்த நிறுவனம் மட்டுமே அவிழ்க்கக்கூடிய சங்கேதமாக மாற்றி அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் செய்திகளைச் சோதிப்பதற்கென எல்லைக் காவல் நிலையம் போன்ற ஒரு தனி அமைப்பும் உண்டு.

ஆனால், புதியது வந்தவுடன் பழையது விடைபெற்றுப் போவதில்லை. புதிய அலைகளைப் பரப்பிவிட்டு மையத்தில் பழைய 4ஜி யந்திரங்களையே வைத்துக்கொள்ளவும் விதிகள் இடந்தருகின்றன. இந்தியாவில் 2022 அக்டோபரில் சேவை தொடங்கியபோது, ஜியோ தனக்கெனப் புதிய மையத்தை அமைத்துக்கொண்டது, ஏர்டெல் பழைய மையத்தின் துணையோடு புறப்பட்டது. மையம் பழையதாயின், கைபேசித் திரையில் 5ஜி என்று எழுதியிருப்பதனால் மேற்சொன்ன காவல்கள் வந்துவிடா. அன்றியும், 2ஜி-யில் கைபேசிதான் தன்னை நிரூபிக்க வேண்டும், டவர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தக் குறை 3ஜி-யில் தீர்ந்தது என்றாலும், 2ஜி பேசத் தெரிந்த கருவியைக் கீழ்த்தலைமுறைக்கு இழுத்துவந்து ஏமாற்றும் தந்திரம் இன்னும் செல்லுபடியாகிறது. 2ஜி-யையே மூடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது எளிதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் அங்கீகாரம் பெறும் புதிய கார் வகைகள், விபத்து நேர்ந்தால் தாமாகவே 112-ஐ அழைக்கும் கருவியைக் கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். தொடக்கத்தில் அக்கருவிகள் 2ஜி, 3ஜி அலைகளில் பேசுமாறே வடிவமைக்கப்பட்டன; அவற்றைச் சுமந்த கார்கள் இன்னும் சாலையில் ஓடுகின்றன.

வியாபார ஸ்தாபனங்களுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை வேறொன்று. இதுகாறும் அலுவலகத்தின் கணினிகள் யாவும் ஃபயர்வால் என்னும் ஒரே வாசல் வழியாக வெளியுலகோடு பேசின. காவலை அங்கே வைத்தால் போதும். ஒவ்வொரு கேமராவுக்கும், அளவைக் கருவிக்கும், சரக்கு வண்டிக்கும் தனித்தனி சிம் கார்டு வந்துவிட்டால், அவை அந்த வாசலை ஏறிட்டும் பாராமல் நேரே டவரோடு பேசத் தொடங்கிவிடும். சதுர கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் கருவிகள் என்பது 5ஜி-யின் இலக்கு. விற்பனையாளர்கள் இதற்கு மருந்தாக, நெட்வொர்க்கிலிருந்து உங்களுக்கென ஒரு கூறைத் தனியே வெட்டித் தருகிறோம் என்பார்கள்; நல்ல ஏற்பாடுதான், ஆயினும் பல கூறுகளும் பொதுவான சர்வர்களின் மேல் மென்பொருளால் பிரிக்கப்பட்டவையாகவே பெரும்பாலும் இருப்பதால், பிரித்தவருடைய கவனம் எவ்வளவோ அவ்வளவே அதன் உறுதி.

கருவிகளைக் கவனியாது விட்டால் நேர்வது என்ன என்பதை மிராய் காட்டியது. தொழிற்சாலையிலேயே இட்ட கடவுச்சொல்லை எவரும் மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்திய அந்த நச்சு நிரல், 2016 அக்டோபர் 21 அன்று இணையதளங்களின் முகவரிகளைத் தேடித்தரும் டைன் என்னும் நிறுவனத்தின் மீது ஏவப்பட, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலான தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமல் போயின. இத்தகைய பொதுக் கடவுச்சொற்களைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அச்சட்டம் நுகர்வோர் வாங்கும் பொருள்களுக்கென ஏற்பட்டது. ஆலைக்கென்றே செய்யப்படும் யந்திரங்களுக்கு, அந்நிபந்தனையையும், பிற்காலத்தில் காணப்படும் ஓட்டைகளை விற்பவர் எத்தனை ஆண்டுகள் வரை அடைத்துத் தருவார் என்பதையும், வாங்குகிறவரேதான் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.