கரண்டி யார் கையில்?

நமது நகரங்களில் மாடிமேல் மாடியாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கட்டும் தொழிலாளர்க்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யார்? கையாளாகச் சேர்ந்து, கலவை சுமந்து, கொத்தனார் காப்பி குடிக்கப் போன நேரத்தில் அவருடைய கரண்டியை எடுத்துப் பழகி, மேஸ்திரியிடம் ஏச்சுக் கேட்டுத் தேறியவர்களே அதிகம். இம்முறையை நாம் இகழ்வதற்கில்லை. டில்லியில் 1986-ல் திறக்கப்பெற்ற பஹாய் ஆலயம் தாமரை வடிவானது. 27 இதழ்கள் கொண்டது. கான்கிரீட்டுக்குச் சொந்த உருவம் ஏது? அடித்த பலகை வளைந்தபடிதான் அதுவும் வளையும். அந்தப் பலகைகளை அடித்தவர்கள் நம் நாட்டுத் தச்சர்களே!

ஆலயத்தைக் கட்டிய லார்ஸன் அண்டு டூப்ரோ கம்பெனி, 1938-ல் இரு டேனிஷ் இஞ்சினீயர்கள் பம்பாயில் தொடங்கியது. அதே கம்பெனி 1995-ல் சென்னையில் கட்டடத் தொழிலாளர்க்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவியது. கொத்து வேலை, கம்பி கட்டுதல், பலகை அடித்தல், சாரம் கட்டுதல் முதலியவற்றை வாலிபர்கள் அங்கே முறையாகக் கற்கிறார்கள்.

"கற்றுக்கொடுத்தால் வேறிடம் போய்விடுவான்" என்பது கட்டட முதலாளிகளின் பழைய புலம்பல். கற்றுக்கொடாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தூணில் கம்பிக்கு வெளியே சாதாரணமாக 40 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூட வேண்டும். குறைந்தால் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துத் தூணைப் பிளக்கும். பிளவு தெரிய ஆண்டுகள் செல்லும். அதற்குள் கம்பி கட்டியவன் எந்த ஊரிலோ! அந்த இடைவெளி எதற்கு என்று அறிந்தவன் கேட்பாரில்லாத போதும் அதை விடுவான். ஏச்சுக்குப் பயந்து விட்டவனோ, மேஸ்திரி முகம் திரும்பியதும் மறப்பான்.

இனி, சித்தாள் விஷயம். தமிழ்நாட்டில் கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர். உடன் சேர்ந்த பையன் சில வருஷங்களில் கொத்தனாராகிறான். அவளோ தலை நரைத்தும் சித்தாளே. கரண்டி பிடிக்க அவளுக்குப் பலம் போதாதாம்! பாண்டு நிறையக் கலவையைச் சாரத்தின்மேல் ஏற்றுகிறவளைப் பற்றியா இந்தப் பேச்சு? ஜார்க்கண்டில், 2014-ல் தொடங்கிய தூய்மை இயக்கத்தின்போது, கிராமப் பெண்கள் கொத்து வேலை பயின்று கழிப்பறைகள் கட்டினார்கள். கொத்தனாரை 'ராஜ் மிஸ்திரி' என்னும் அந்நாட்டார், இவர்களை 'ராணி மிஸ்திரி' என்றார்கள்.

பயிற்சிப் பள்ளி நடத்தும் கம்பெனிகளை நாம் கேட்பது இதுதான்: அடுத்த வகுப்பில் சித்தாள்களுக்கு எத்தனை இடம்?