அரிச்சுவடிக்கு முன்னால் ஒரு மலை

விஜயதசமியன்று நம் வீடுகளில் அழகான வைபவம் ஒன்று நடைபெறுகிறது. தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பெரியவர் ஒருவர் பிடித்து, 'அ' என்று எழுதுவிக்கிறார். வித்தியாரம்பம் ஆயிற்றென்று எல்லோரும் மகிழ்கிறோம். குழந்தையோ எழுத்தைக் கவனிப்பதில்லை. நெல்லை ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கின் வழியே சிந்தவிட்டு வேடிக்கை பார்க்கிறது. "சிந்தாதே!" என்று அதட்டுகிறோம்.

நம்மைக் கேட்டால், அன்று குழந்தை உண்மையாகக் கற்ற பாடம் அந்த நெல்தான் என்போம். பொருள் முன்னே, எழுத்துப் பின்னே என்பது இயற்கை வகுத்த வரிசை. அதை மாற்றிவிட்டு, பிறகு பிள்ளைக்குப் படிப்பில் ருசி இல்லையென்று நாம் வருந்துகிறோம்.

இந்த ஞானம் நமக்குத் தாமதமாகத்தான் வந்தது. உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளை ஊருக்கு உதாரணமாக இருக்கவேண்டும் என்னும் கர்வம் நம்மையும் விட்டபாடில்லை. மூத்த பையனுக்கு மூன்றாவது வயதிலேயே சிலேட்டைக் கொடுத்தோம். நாலாவது வயதில் அவன் 'மலை' என்று எழுதினான். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து மலையும் வரைந்தான்: இரண்டு முக்கோணம், நடுவே ஒரு சூரியன். வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டோம். ஒரு நாள் மாலை, சேலத்தில் நம் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, வடக்கே நீலமாய்த் தெரிந்த சேர்வராயன் மலையைக் காட்டி, "அது என்னடா?" என்று கேட்டோம். சற்று நேரம் உற்றுப் பார்த்தான். "மேகம்" என்றான்.

நமக்குச் சுருக்கென்றது. பிறந்த நாள் முதல் கண்ணெதிரே நிற்கும் மலையைப் பிள்ளைக்கு நாம் காட்டியதே இல்லை! அடுத்த விடுமுறையில் அழைத்துப் போகலாம் என்று எண்ணினோம். அடுத்த ஜூன் மாதம் அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். அதன் பிறகு வீட்டுப்பாடமும் பரீட்சையும் போக, அவனோடு சும்மா நடக்க ஒரு பொழுது கிட்டவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின் பிறந்த பெண் வரும் ஜூனில் பள்ளிக்குப் போகவேண்டியவள். இம்முறை ஏமாறக்கூடாது என்று தீர்மானித்து, சென்ற மார்கழியில் அவளையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம். பையனுக்குப் பத்தாம் வகுப்பு. விடுமுறையிலும் தனி வகுப்பு. பாட்டியோடு வீட்டில் தங்கிவிட்டான்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நம் பெண்ணுக்குப் பத்துவரைதான் எண்ணத் தெரியும். வளைவுகளைப் பத்துவரை எண்ணினாள். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். உச்சிக்கு வந்ததும், "அப்பா, இரண்டு பத்து வளைவு!" என்று கூவினாள். கணித உபாத்தியாயர் ஒரு வாரம் போதிக்கும் பாடத்தை மோட்டார் பஸ் முக்கால் மணியில் முடித்துவிட்டது.

ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சுமார் 5,000 அடி உயரத்திலே, மூடுபனிக்கு நடுவில், அந்த ஏரியை அவள் கண்டாள். ஏரிக்கு அப்பால் மரங்கள். "இது ஏரி, அது காடு" என்று நாம் சொல்லி வாய் மூடுவதற்குள், "ஏரி, காடு, ஏற்காடு!" என்று தானே சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு சொற்கள் கைகோத்து ஒரு சொல்லாகும் விந்தையை எந்த இலக்கண நூலும் இதைவிடத் தெளிவாகக் கூறுமா?

இந்த மலையில் காப்பிப் பயிர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் காலத்தில் வந்தது. மார்கழி, பழம் பறிக்கும் காலம். தோட்டக்காரரின் அனுமதி பெற்று உள்ளே சென்றோம். பழம் பறித்துக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி, சிவந்த பழம் ஒன்றைப் பிதுக்கிக் குழந்தையின் கையில் வைத்து, "சப்பிப் பாரு கண்ணு, இனிக்கும்" என்றாள். உள்ளே இரண்டு கொட்டைகள், முகத்தோடு முகம் ஒட்டி இருந்தன. "இதுதானா பாட்டி காப்பி? கறுப்பாக இல்லையே!" என்று கேட்டாள் நம் பெண். காயவைப்பது, வறுப்பது, அரைப்பது என்று அந்தப் பாட்டி விவரமாகச் சொன்னாள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்து, பச்சைச் சரம் தொங்கிற்று. மிளகு மளிகைக் கடையில் விளைவது என்று அதுவரை எண்ணியிருந்தாள் போலும்! அன்றிரவு ரசத்தில் மிதந்த மிளகை ஒதுக்காமல் தின்றாள்.

மறுநாள் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழையவேண்டிய குகைக் கோயில். இம்மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் போற்றும் தெய்வம். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையின் தலை முக்கோணமாக இல்லாமல், மைதானம்போல் பரந்து கிடந்தது. குழந்தை அதில் ஓடித் தீர்த்தாள். மாலையில் லேடீஸ் சீட் என்னும் இடத்திலிருந்து கீழே சேலம் நகரின் விளக்குகளைக் காட்டினோம். "நம் மாடி எங்கே? அண்ணா நம்மைப் பார்ப்பானா?" என்று கேட்டாள். பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

இது ஏதோ புதுமோஸ்தர் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-ஆம் ஆண்டிலேயே பாவநகரில் பால மந்திரம் அமைத்து, அடியும் அச்சமும் இல்லாத கல்வியை நடத்திக் காட்டினார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி அம்மையார், யுத்த காலத்தில் நம் கொடைக்கானல் மலையில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். செடியும் பூச்சியும் அங்கே பாடமாயின. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 3 முதல் 8 வயதுவரை கல்வி விளையாட்டோடு அமையவேண்டும் என்கிறது.

எல்லோரும் ஏற்காட்டுக்குப் போக இயலுமா? வேண்டியதில்லை. குளத்தங்கரை இல்லாத ஊர் உண்டா? விடியுமுன் எழுப்பிச் சூரியோதயம் காட்டலாம். அவரையை ஊன்றி, முளை விடுவதைத் தினம் பார்க்கலாம். சந்தைக்கு அழைத்துச் சென்று கத்தரிக்காயைப் பொறுக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: குழந்தையின் நடைக்கு நாம் நடக்கவேண்டும். எறும்புச் சாரி கண்டு அது நின்றால் நாமும் நிற்கவேண்டும். "இது என்ன, அது என்ன?" என்று பரீட்சை வைக்கலாகாது. செல்போனைப் பையிலேயே வைத்திருப்பது உத்தமம்.

ஊர் திரும்பியதும் பெண் சிலேட்டை எடுத்து மலை வரைந்தாள். உச்சி தட்டையாக, நீளமாக, நெளிநெளியான பாதையோடு. "மலை இப்படியா இருக்கும்?" என்றான் அண்ணன். "நான் ஏறிப் பார்த்தேனே!" என்றாள் தங்கை. பையன் சிறிது நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நம் பக்கம் திரும்பி, "என்னை ஏன் அப்பா அப்போது கூட்டிப் போகவில்லை?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை நேயர்கள் தங்கள் இல்லத்தில் கேட்கவேண்டாம் என்பதே நம் பிரார்த்தனை. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். அது எங்கும் ஓடிவிடாது. ஐந்து வயதுதான் ஓடிவிடும்.