‘பொன்னியின் செல்வன்’ முடிச்சாச்சு... அடுத்து என்ன படிக்கலாம்?

‘தியாக சிகரம்’ பாகத்தின் கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டீர்கள். மறுநாள் காலை மெட்ரோவில் ஏறி, பழக்கதோஷத்தில் மொபைலைத் திறக்கிறீர்கள். வந்தியத்தேவன் இல்லை. ரெண்டு மாசமா தினமும் கூடவே வந்த நண்பன், சொல்லாமக் கொள்ளாம ஊரைவிட்டுப் போன மாதிரி இருக்கா? இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1954-ல் ‘கல்கி’ இதழில் தொடர் முடிந்தபோதே, ‘இப்படிச் சட்டென்று முடித்துவிட்டீர்களே’ என்று வாசகர்கள் கேட்கப் போய்த்தான், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதினார்.

2022, 2023-ல் மணிரத்னத்தின் இரண்டு படங்களும் வந்த பிறகு, பள்ளித் தமிழ்ப் பாடநூலுக்கு அப்புறம் கையில் எடுத்த முதல் தமிழ்ப் புத்தகமே இதுதான் என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இவர்களுக்குச் சிக்கல் இரண்டாவது புத்தகத்தில்தான். அது சரியாக அமையாவிட்டால், மறுபடியும் ரீல்ஸ்தான்.

எனக்கே நடந்தது. ‘சோழர் கதைதானே, உடையார் படி’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னார்கள். மறுநாளே ஆரம்பித்தேன். நூறு பக்கத்தில் நின்றுவிட்டது. எட்டு மாதம் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. தப்பு என்மேல்தான். பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகம். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பும் கதை. கல் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், ராஜராஜனின் மனதுக்குள் என்ன ஓடியது என்று நிதானமாகப் போகும். அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம் தேடிக்கொண்டு நான் அதைத் திறந்திருக்கக் கூடாது. பின்னாளில் படித்தபோது பிடித்தது.

‘அதே மாதிரி வேறு எது?’ என்று கேட்பதைவிட, ‘இதில் எனக்கு எது பிடித்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். அதைப் பொறுத்து வழி மாறும்.

கொலை செய்தது யார்?

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி இன்னும் தூங்க விடவில்லையா? அப்படியென்றால் நாவலை விட்டு வரலாற்றுப் பக்கம் போகலாம். வீராணம் ஏரிக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோவில் அனந்தீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு என்பார்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களது உறவினர்களின் நிலங்கள் வரை பறிமுதல் ஆனதைச் சொல்கிறது. ஆமாம், ரவிதாசன் நிஜம்! நந்தினிதான் கல்கியின் கற்பனை. வந்தியத்தேவனும் நிஜம்தான், குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது.

இன்னொரு விஷயம் இடிக்கும். நடுவில் சுமார் 15 ஆண்டுகள் ஆண்ட உத்தம சோழர் காலத்தில் ஏன் இந்த நடவடிக்கை இல்லை? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர் மீதே சந்தேகப்பட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு. அவரது ‘சோழர்கள்’, தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ இரண்டையும் நாவல் படித்த கையோடு புரட்டினால், துப்பறியும் கதை மாதிரியே போகும்.

அந்தக் குடும்பத்தை விட மனசில்லையா?

கதை நின்ற இடத்திலிருந்தே தொடர வேண்டுமென்றால், விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ அடுத்த தலைமுறைக்கு, ராஜேந்திர சோழன் காலத்துக்குத் தாவுகிறது. 1963-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல். அதில் வந்தியத்தேவர் வயதானவராக வருவார். குதிரையில் பறந்த அந்த இளைஞனை அப்படிப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

பிடித்தது வேகமும் சாகசமும் மட்டும்தான் என்றால், சாண்டில்யனின் ‘கடல் புறா’. மூன்று பாகம், கடற்போர், கருணாகரத் தொண்டைமான். நாயகியைப் பற்றிய வர்ணனை பக்கம் பக்கமாக வரும்; தாண்டிப் போனாலும் கதை புரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

சு.வெங்கடேசனின் ‘வேள்பாரி’ பக்கமும் தைரியமாகப் போகலாம். ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்ததால், ‘அடுத்து என்ன’ என்ற கொக்கி இதிலும் உண்டு. ‘பொன்னியின் செல்வ’னுக்கு ‘கல்கி’யில் ஓவியம் வரைந்தவர் மணியம், ‘வேள்பாரி’க்கு வரைந்தவர் அவர் மகன் மணியம் செல்வன். ஆனால், இங்கே கதை அரண்மனைக்குள் இல்லை. மூவேந்தர்கள்தான் எதிரிகள், பறம்பு மலையில் இருப்பவன் நாயகன். சோழக் கொடியைப் பார்த்தாலே சிலிர்த்தவர்களுக்கு முதலில் கொஞ்சம் கசக்கும். அதற்காகவே படிக்கச் சொல்வேன்.

அவரது ‘காவல் கோட்டம்’ இன்னும் கனமானது. மதுரையின் 600 ஆண்டுக் கதை. ‘அரவான்’ படத்துக்குக் கரு கொடுத்ததும் இந்த நாவல்தான். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போகும். ரெண்டுமே இரண்டாவது புத்தகமாக வேண்டாம். நாலாவதோ ஐந்தாவதோ ஆகட்டும்.

கல்கியின் குரல்தான் வேணுமா?

எனக்குப் பிடித்த வழி இதுதான். ‘சிவகாமியின் சபதம்’, ‘பார்த்திபன் கனவு’ ரெண்டும் பல்லவர் காலத்துக் கதைகள். முதலில் எழுதியது ‘பார்த்திபன் கனவு’. ஆனால், கதைப்படி அது சிவகாமிக்குப் பிறகு நடப்பது. எதில் தொடங்கினாலும் புரியும். அசதியாக இருந்தால் சின்னதான ‘பார்த்திபன் கனவு’ போதும். மூன்று நாவல்களுமே நாட்டுடைமை ஆனவை, ‘மதுரைத் திட்டம்’ தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘சிவகாமியின் சபதம்’ கடைசி அத்தியாயங்களை ஆபீஸ் போற வழியில் படிக்காதீங்க. நான் கிண்டியில் இறங்க வேண்டியவள். மீனம்பாக்கம் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.