கப்பலில் ஏறும் மடிக்கணினி

சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறுபவரின் மடிக்கணினிக்கு, கப்பலில் கால் வைத்ததுமே வெளிநாட்டு மின்சாரம் தொடங்கிவிடுகிறது. கரையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான சரக்குக் கப்பல்களின் ஜெனரேட்டர் தருவது 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்து, கேபினுக்கு 220 அல்லது 110 வோல்ட்டாக அனுப்பும்.

இந்த வேறுபாட்டைச் சார்ஜரே சமாளித்துக்கொள்ளும். வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, 19 அல்லது 20 வோல்ட்டாக இறக்குவதால் 50 ஹெர்ட்ஸும் 60 ஹெர்ட்ஸும் அதற்கு ஒன்றுதான். அதன் முதுகில் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பர்மா பஜாரில் கிடைக்கும் கன்வெர்ஷன் பிளக் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

கவனம் வேண்டியது எர்த்தில். ஊரில் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் மண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். கப்பலிலோ மின்சாரம் வரும் எந்த ஒயரையும் எஃகு உடலோடு பொதுவாகப் பிணைப்பதில்லை. நடுக்கடலில் ஒரு ஒயர் எஃகைத் தொட்டுவிட்டாலும் சுக்கான் இயந்திரம் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பழுது நேர்ந்தால் எச்சரிக்கை மட்டும் ஒலிக்கும். எலக்ட்ரீஷியன் தேடிச் சரிசெய்வார். இப்படி எந்த ஒயரும் பிணைக்கப்படாததால் கேபின் பிளக் பாயிண்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியக்கூடும்.

இங்கேதான் வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஸ்பைக் பஸ்டர் ஆபத்தாகிறது. ஒரு ஒயர் கப்பலின் உடலைத் தொட்டால், மற்ற ஒயருக்கும் எஃகுக்கும் இடையே முழு வோல்டேஜும் வந்து நிற்கும். ஸ்பைக் பஸ்டருக்குள் எர்த்தோடு இணைந்திருக்கும் தடுப்பி அதைத் தாங்காமல் சூடேறித் தீப்பிடிக்கலாம். அதன் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு ஒயரை மட்டுமே துண்டிப்பதால், அணைத்த பிறகும் மற்றதில் மின்சாரம் இருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விடுத்தது. இரண்டு ஒயரையும் துண்டிக்கும், கப்பலுக்கென்றே செய்த பெட்டியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். புறப்படும் முன் பயணப் பெட்டியில் என்னென்ன வைப்பது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இறங்கினால் மறுபடி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் தட்டையான மூன்று முனை. எர்த் முனை நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். பேனாவால் அந்த எர்த் துளையைக் குத்தித் திறந்து, இரண்டு முனை பிளக்கைச் செருகும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். அதை விட்டுவிட வேண்டும். அந்த ஊர் பிளக்கின் உள்ளேயே ஃபியூஸ் உண்டு. மடிக்கணினிக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.