சிறுவருக்கான கணினித் திரை: ‘சுகர்’ இடைமுகம் பற்றிய சில குறிப்புகள்

கருவிகள் தம்மளவில் நடுநிலையானவை, அவற்றின் நன்மை தீமைகள் பயன்படுத்துவோரைப் பொறுத்தவை என்னும் கருத்து கல்வியுலகிற் பரவலாக நிலவுகின்றது. கணினியைப் பொறுத்தவரை இக்கருத்து மேலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆயினும் மனிதர் கணினியை எதிர்கொள்ளும் திரையமைப்பை, அதாவது இடைமுகத்தை, வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து இந்நடுநிலை கேள்விக்குரியதாகின்றது.

நமக்குப் பழகிப்போன திரையமைப்பு அலுவலகத்திற் பிறந்தது. ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தில் 1970களில் உருப்பெற்று, 1981இல் அந்நிறுவனத்தின் ‘ஸ்டார்’ கணினி வாயிலாகவும், 1984இல் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் வாயிலாகவும் சந்தைக்கு வந்த அவ்வமைப்பிலே மேசை உண்டு. கோப்பும் கோப்புறையும் உண்டு. உத்தியோகத்தரின் உழைப்புச் சூழலே படமாகித் திரைக்கு வந்தது எனலாம். அலுவலகமொன்றைக் கண்டறியாத அந்தீஸ் மலைக் கிராமத்துச் சிறுமிக்கு அம்மேசை எதனை உணர்த்தும்? இவ்வினாவுக்கு விடைகாண முயன்றவற்றுள் விதந்து கூறத்தக்கது ‘சுகர்’ இடைமுகமாகும்.

நிக்கொலஸ் நெக்ரொபொன்ரே 2005ஆம் ஆண்டு நூறு டொலர் மடிக்கணினித் திட்டத்தை அறிவித்தார். ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ எனப்பட்ட அத்திட்டத்துக்காக வோல்ற்றர் பெண்டர் முதலானோர் உருவாக்கியதே ‘சுகர்’. 2007இல் கணினி பெருமளவில் உற்பத்தியானபோது அதன் விலை நூறு டொலரைத் தாண்டி ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. இவ்விடைமுகத்தின் சிந்தனை மூலம் சேமூர் பாப்பேர்ட் ஆவார். ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றிய அவர், 1967இல் வேறு சிலருடன் இணைந்து சிறுவருக்கான ‘லோகோ’ நிரல்மொழியை ஆக்கியவர். பிள்ளை ஒன்றைத் தானே ஆக்கும்போதுதான் அறிவும் ஆக்கம் பெறுகின்றது என்பது அவர் கொள்கையின் சாரம்.

இக்கொள்கை திரையில் எவ்வாறு வடிவங்கொண்டது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கணினியை முதன்முறை இயக்கும்போது அது பிள்ளையின் பெயரைக் கேட்கின்றது. அடுத்து, வட்டத்தைத் தலையாகவும் பெருக்கற் குறியை உடலாகவும் கொண்ட மனித உருவுக்கு நிறந்தெரியச் சொல்கின்றது. முகப்புத் திரையின் நடுவில் நிற்பது அவ்வுருவே. எழுதுதல், வரைதல், இசையமைத்தல், கணித்தல் முதலிய ‘செயற்பாடுகள்’ அதனைச் சூழ வளையமாக அமைகின்றன. முகப்பிலிருந்து வெளியே நகர்ந்தால் நண்பர் குழாம் தோன்றும். மேலும் நகர்ந்தால் அயல் தோன்றும். அயலிலுள்ள பிள்ளைகளின் உருவங்களும் அவர்கள் பகிர்ந்துகொண்ட செயற்பாடுகளும் அங்கே தெரிவதால், ஒருவர் எழுதும் கதையில் இன்னொருவரும் இணைந்து எழுதலாம். கோப்பு, கோப்புறை என்பன இங்கில்லை. செய்தவை யாவும் ‘நாட்குறிப்பு’ என்னும் பகுதியில் கால ஒழுங்கிலே தாமாகப் பதிவாகின்றன. பிள்ளை அவற்றுக்குத் தலைப்பிட்டு விவரணமும் எழுதலாம்.

இவ்விடைமுகத்தைத் தன்வயப்படுத்தல் இரு நிலைகளில் நிகழ்கின்றது. முதலாவது மேற்புற நிலை. செயற்பாடுகளின் பட்டியலில் விரும்பியவற்றுக்கு அருகிலுள்ள நட்சத்திரத்தை அழுத்தினால் அவை முகப்பு வளையத்தில் இடம்பெறும். நட்சத்திரத்தை அகற்றினால் வளையத்தினின்று நீங்கும். அமைப்புப் பகுதியிற் பெயர், நிறம், மொழி ஆகியவற்றை மாற்றலாம். தொடக்க வகுப்பு ஆசிரியர் நான்கைந்து செயற்பாடுகளை மட்டும் வளையத்தில் விடுவது பயனுடையது. ஆயின், நிறத்தையும் ஒழுங்கையும் மாற்றும் உரிமையை இன்றைய வணிகச் சாதனங்களும் தாராளமாக வழங்குகின்றன. அது நுகர்வோனின் உரிமை; அதனால் எவருடைய அதிகாரமும் குறைவதில்லை.

இரண்டாவது நிலையே முக்கியமானது. இயங்கிக்கொண்டிருக்கும் செயற்பாட்டின் மூலநிரலைத் திறந்து காட்டுவதற்கென்றே அம்மடிக்கணினியின் விசைப்பலகையில் ஒரு விசை இருந்தது. நிரலின் பெரும்பகுதி பைதன் மொழியில் எழுதப்பட்டு, எவரும் மாற்றவும் பகிரவும் உரிமையளிக்கும் உரிமத்துடன் வெளியானது. ‘ஆமைக் கலை’ என்ற செயற்பாட்டிலே கட்டளைக் கட்டைகளைப் பொருத்திப் படம் வரையப் பழகிய பிள்ளை, படிப்படியாக மூலநிரலையும் தொட்டுப் பார்க்கலாம். உற்பத்திச் சாதனம் எவர் கையிலுள்ளது என்னும் பழைய வினா இங்கே வகுப்பறைக்குள் வந்துவிடுகின்றது.

எனினும் நல்ல வடிவமைப்பு சமூக நிலைமைகளைத் தானாக மாற்றிவிடும் என எண்ணுவது இயந்திரமுறைச் சிந்தனையே. 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பெற்ற பெரு நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. அந்நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்தமைக்குச் சான்றெதனையும் காணவில்லை. பொதுச் சிந்தனைத் திறன்களிற் சில முன்னேற்றங்களை மட்டும் கண்டது. அப்பள்ளிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இணைய இணைப்பு இருக்கவில்லை. கெச்சுவா, ஐமாரா மொழிகளைப் பேசும் பிள்ளைகளுக்கும் கணினி முதலிலே ஸ்பானிய மொழியிற்றான் பேசியது. அம்மொழிகளில் இடைமுகத்தைப் பெயர்க்கும் பணியைப் பின்னர் தன்னார்வலர் மேற்கொண்டனர். மூலநிரல் திறந்திருந்தமையாலேயே எந்தக் கம்பனியின் அனுமதியையும் வேண்டாது அவர்கள் அதனைச் செய்ய முடிந்தது.

2008இல் அம்மடிக்கணினியில் மைக்ரோசொவ்ற்றின் விண்டோஸ் இயங்குவதற்கும் ஏற்பாடாயிற்று. அவ்வாண்டிலேயே பெண்டர் திட்டத்தினின்று விலகி ‘சுகர் லாப்ஸ்’ என்னும் அமைப்பை நிறுவினார். அதன்பின் சுகர் வேறு கணினிகளிலும் இயங்குமாறு வளர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் முடிவு தெளிவானது. மாற்றியமைக்கும் வாய்ப்பு நிரலில் இருப்பது அவசியம். அது மட்டும் போதாது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும், தாய்மொழியும், பரீட்சைப் பாடத்திட்டம் விட்டுவைக்கும் ஓய்வுநேரமும் வேண்டும். இவை கிட்டாத பிள்ளைக்கு மூலநிரலைக் காட்டும் விசை வெறும் விசையாகவே இருக்கும். பள்ளிக்குக் கணினி வரும்போதெல்லாம் அதன் எண்ணிக்கையைக் கேட்கப் பழகிய நாம், அதனைத் திறந்து மாற்றும் உரிமை பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.