வேலை இழந்தபின் வரும் அறுபது நாள்கள்

ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில் அமைந்துள்ள நகரம் குளுவாங். பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து இவ்வூரின் பெயர் தோன்றியது. 1909ஆம் ஆண்டு ஜொகூர் இரயில்பாதை முழுமையடைந்தபின் இப்பகுதியில் தோட்டத்தொழில் வளர்ந்தது. மெங்கிபோல், நியோர், லம்பாக், சாமெக் போன்ற தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பின்னர் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. நகரத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்தை நம்பி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்கின்றனர். சிலர் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜொகூர் பாருவுக்கும், அதையும் கடந்து சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். வேலையின் வகை மாறினாலும், 'நாளை இந்த வேலை இருக்குமா?' என்ற கவலை குடும்பங்களை விட்டு நீங்கவில்லை.

பழைய அனுபவங்கள்

திடீர் வேலையிழப்பு மலேசியத் தமிழர்களுக்குப் புதியதன்று. 1929ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின்போது ரப்பர் விலை பெரும் சரிவு கண்டது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன, ஆள்களையும் குறைத்தன. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அன்று அவர்களுக்கு வேலைக் காப்புறுதியும் இல்லை. நிவாரணம் கேட்டு நிற்பதற்கு ஓர் அலுவலகமும் இல்லை.

1950களில் பெரிய தோட்டங்கள் பல துண்டுதுண்டாக விற்கப்பட்டன. தோட்டத் தொழிலாளி குடியிருந்த வீடு தோட்ட நிருவாகத்திற்குச் சொந்தமானது. ஆகவே, வேலை போனபோது வீடும் போனது. பிள்ளைகளின் பள்ளியும் மாறியது. இந்நிலையைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. தனியாளாகத் தாங்க முடியாத இழப்பைக் கூட்டாகத் தாங்கலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1997ஆம் ஆண்டு ஆசிய நிதி நெருக்கடியிலும் ஆட்குறைப்பு நடந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காட்டைத் தொட்டது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இன்றைய தொழிலாளிக்குச் சில சட்டப் பாதுகாப்புகள் உள்ளன. அவற்றை அறியாதவர் தமக்கு உரியதை இழக்க நேரிடும்.

முதலாவது, முன்னறிவிப்பு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஆட்குறைப்பில் வேலை இழப்பவர் ஈராண்டுக்கும் குறைவாகப் பணியாற்றியிருந்தால் குறைந்தது 4 வாரமும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் 6 வாரமும், அதற்கு மேல் என்றால் 8 வாரமும் முன்னறிவிப்புப் பெறவேண்டும். முன்னறிவிப்புத் தராத முதலாளி அந்தக் காலத்திற்குரிய சம்பளத்தைக் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, ஆட்குறைப்பு இழப்பீடு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் பெறுபவர் குறைந்தது ஓராண்டு பணியாற்றியிருந்தால் இதற்குத் தகுதி பெறுவார். 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஈராண்டுக்கும் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள் சம்பளமும், அதற்கு மேல் என்றால் 20 நாள் சம்பளமும் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, ஆறாண்டு பணியாற்றியவருக்கு 120 நாள் சம்பளம் கிடைக்கவேண்டும்.

மூன்றாவது, சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இத்திட்டம் 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் தலா 0.2 விழுக்காடு சந்தா செலுத்துகின்றனர். 2,000 ரிங்கிட் சம்பளத்திற்கு இஃது ஏறக்குறைய 4 ரிங்கிட் மட்டுமே. வேலை இழந்தவர் புதிய வேலையைத் தேடும் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை பெறலாம். சட்டம் வகுக்கப்பட்டபோது, முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடும், இரண்டாம் மாதம் 50 விழுக்காடும், மூன்றாம் நான்காம் மாதங்களில் 40 விழுக்காடும், ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடும் என விகிதம் அமைந்தது. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது செலுத்திய சந்தாவைப் பொறுத்தது. திறன் பயிற்சிக்கும் இத்திட்டம் உதவுகிறது.

தொகை படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவதற்குக் காரணம் உண்டு. முதல் மாதத்தில் குடும்பம் தடுமாறாமல் இருக்க அதிகப் பணம் தேவை. அதன்பின் புதிய வேலையை விரைந்து தேடத் தூண்டுதல் தேவை. இவ்விரண்டையும் கருதியே இம்முறை அமைக்கப்பட்டது.

கையொப்பமும் காலக்கெடுவும்

இங்கு இரு செய்திகளை மறவாமல் மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, கையொப்பம். தாமாகவே வேலையைவிட்டு விலகியவருக்கும், ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவருக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை இல்லை. ஆட்குறைப்புச் செய்யும் சிலர், 'பதவி விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நல்லது' என்று கூறுவதுண்டு. அதிர்ச்சியில் இருக்கும் தொழிலாளி அதில் கையொப்பமிட்டால், அவர் தாமே விலகியவராகக் கருதப்படலாம். இழப்பீட்டையும் உதவித்தொகையையும் ஒரே கையொப்பத்தில் இழக்கும் ஆபத்து இதில் உள்ளது. எனவே, எந்தத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நிதானமாகப் படித்து, தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் அலுவலகத்திடமோ கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடவேண்டும்.

இரண்டாவது, காலக்கெடு. சொக்சோவிடம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, வேலை இழந்த நாளிலிருந்து 60 நாள்கள் மட்டுமே உள்ளன. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் முறையிடுவதற்கும் அதே 60 நாள்கள்தாம். வெட்கத்தாலோ கோபத்தாலோ வீட்டில் முடங்கிக் கிடப்பவருக்கு இந்தக் காலம் விரைவில் கடந்துவிடும். வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே ஒன்றுதிரட்டுவது நல்லது.

மனத்தைக் காத்தல்

வேலை என்பது சம்பளம் மட்டுமன்று. அது காலையில் எழுவதற்கு ஒரு காரணத்தையும், பழகுவதற்கு நண்பர்களையும், ஊரில் ஒரு மதிப்பையும் தருகிறது. ஆஸ்திரியாவிலுள்ள மரியந்தால் என்னும் சிற்றூர் இதற்குச் சான்றாகும். அங்கிருந்த நெசவாலை உலக மந்தத்தின்போது மூடப்பட்டது. ஊரே வேலை இழந்தது. மரி யகோடாவும் அவருடைய நண்பர்களும் அவ்வூரை ஆராய்ந்து 1933ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். வேலை இல்லாததால் நேரம் மிகுதியாக இருந்தும், மக்கள் நூலகத்தில் நூல்கள் எடுப்பது குறைந்தது. ஆண்களின் நடைகூடத் தளர்ந்தது. ஒழுங்கில்லாத ஓய்வு மனிதரைச் சோர்வடையச் செய்கிறது என்பதை இவ்வாய்வு காட்டியது.

ஆகையால், வேலை இழந்தவர் தம் நாளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ளவேண்டும். வழக்கமான நேரத்தில் எழுதல், காலையில் வேலை தேடுதல், மாலையில் உடற்பயிற்சி அல்லது திறன் கற்றல் என்று பிரித்துக்கொள்ளலாம். குடும்பத்தாரிடம் உண்மையை மறைப்பதும் தவறு. தினமும் வேலைக்குச் செல்வதுபோல் வெளியே போய் வருபவர், கவலையைத் தனியாகவே சுமக்கிறார். பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கேற்ற முறையில் நிலைமையைச் சொன்னால், தேவையற்ற செலவைக் குறைக்க அவர்களும் கைகொடுப்பர். வீட்டுக் கடன், வாகனக் கடன் தவணைகளைக் கட்ட முடியாத நிலை வருமுன்னரே வங்கியுடன் பேசவேண்டும். பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டு தொடங்கிய ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் இதற்கு இலவச ஆலோசனை வழங்குகிறது.

புதிய வேலையைத் தேடுதல்

வேலை தேடுவதையே ஒரு வேலையாகக் கருதவேண்டும். முதலில், தமக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிடவேண்டும். செம்பனை ஆலையில் இயந்திரம் பார்த்தவருக்குப் பழுதுபார்த்தல் தெரியும். கிடங்கில் இருந்தவருக்குச் சரக்குக் கணக்கும் பளுதூக்கி ஓட்டவும் தெரியும். இவை வேறு துறைகளுக்கும் பயன்படும் திறன்கள். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் இணையத்தளத்தில் பதிந்துகொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஏற்றவாறு தன்விவரக் குறிப்பைத் திருத்தி அனுப்பவேண்டும்.

அறிமுகமானவர்களிடம் சொல்லிவைப்பதும் பயன் தரும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களில் செய்த ஆய்வில், அவர் விசாரித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர்கள் மூலமே வேலை பெற்றது தெரியவந்தது. அப்படி உதவியவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது சந்திக்கும் அறிமுகமானவர்கள். நெருங்கிய உறவினர் அறிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகமானவரோ நாம் அறியாத வாய்ப்புகளை அறிந்திருப்பார். குளுவாங்கில் கோயில் திருப்பணியில் சந்தித்தவர், முன்னாள் பள்ளித் தோழர், பழைய மேற்பார்வையாளர் போன்றோர் இவ்வகையில் உதவக்கூடும்.

அவசரத்தில் இருப்பவரை ஏமாற்றக் காத்திருப்பவர்களும் உண்டு. வேலைக்கு முன்பணம் கேட்கும் விளம்பரத்தையும், அனுபவமே இல்லாமல் வெளிநாட்டில் பெருஞ்சம்பளம் என்னும் அழைப்பையும் நம்பக்கூடாது. அண்மைய ஆண்டுகளில் இத்தகைய அழைப்பை நம்பிக் கம்போடியா, மியன்மார் சென்ற மலேசியர்கள் மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்தனர்.

1930களில் கப்பலேறிய தொழிலாளிக்குத் தெரிவு ஏதும் இருக்கவில்லை. இன்றைய தொழிலாளிக்குச் சட்டமும் சந்தாப் பணமும் துணையாக உள்ளன. எனினும், அவை தாமாக வீடு தேடி வருவதில்லை. உரிய நாளுக்குள் கேட்டுப் பெறவேண்டும். வீட்டில் ஒருவர் வேலை இழந்தால், படிவத்தைப் படித்துச் சொல்லவும் இணையத்தில் பதிந்துகொடுக்கவும் பள்ளியில் பயிலும் பிள்ளையாலும் முடியும். அந்த உதவி, அறுபது நாள்கள் வீணாகாமல் காக்கும்.